கருத்தமலை எடுக்காத வெத்தல

ரொம்ப முந்தி, யூரியா மூடைய இந்தப் பக்கம் யாரும் கண்ணால பாக்காத காலம். செம்பாறைன்னு ஒரு ஊரு. அதச் சுத்தி ஆறு ஊரு. ஏழூருக்கும் சேத்து ஒரே பள்ளிக்கூடம், செம்பாறையில. வீட்டுக்கு வீடு கல்லு சொமந்து ஏழூருச் சனமும் கட்டுனதாம். சர்க்காரு குடுத்தது ஒரு வாத்தியார மட்டும்.

அங்க கருத்தமலைக் கோனாருன்னு ஒருத்தரு. எங்க பாட்டனோட அண்ணன். அறுநூறு ஆடு. ஒரே மக, குருவம்மா. மூணாப்புப் படிச்சுக்கிட்டு இருந்துச்சாம்.

அந்த வருசம் கடலை நல்லா வெளஞ்சிருச்சு. ஊருல பாதி நெலம் வச்சிருந்த பெரியவீட்டுக்காரருக்கு மூடை அடுக்க எடம் பத்தல. “ஒரு மாசந்தான்யா, வெலை ஏறட்டும்”னு பள்ளிக்கூடத்துக்குள்ள அடுக்குனாராம். வாத்தியாரு புளியமரத்தடிக்கு வந்தாரு. மழை வந்துச்சு. வாத்தியாரு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒரு மாசம் ஒரு வருசமாச்சு. ஒரு வருசம் மூணு வருசமாச்சு. கடலை உள்ள இருந்துச்சு, புள்ளைக வெளிய நின்னுச்சு. அவ்வளவு பேரும் கல்லு சொமந்தவுகதான். ஒரு வாயி தொறக்கல.

குருவம்மா கேக்குமாம், “அய்யா, நாளைக்குத் தொறப்பாகளா?”

“தொறப்பாக தாயி.”

மூணு வருசமா இதே பதிலு. பொய் சொல்லிச் சொல்லி மனுசனுக்கு மக மூஞ்சியப் பாக்க முடியலையாம்.

சித்திரை வந்துச்சு. அறுத்த வயல்ல ஆட்ட அடைச்சுக் கிடை போடுற மாசம். புழுக்கையும் மூத்திரமும்தான் அன்னைக்கு உரம். கிடை வேணும்னா தட்டுல வெத்தல வச்சு நீட்டணும். கிடைக்காரரு எடுத்தா வாக்கு. எடுக்கலேன்னா இல்ல.

ஏழூருக்கும் கிடைக்காரரு கருத்தமலைதான். மொத தட்டு கீழூர்ல இருந்து வந்துச்சு.

“மாமா, நம்ம வயலுக்கு எப்ப வர்றீக?”

“பள்ளிக்கூடம் தொறந்திருக்கா?”

“இல்லையே.”

“அப்ப வெத்தலயக் கொண்டு போ மாப்ள. வாடிரும்.”

ரெண்டாவது தட்டு வந்துச்சு. “பள்ளிக்கூடம் தொறந்திருக்கா?” மூணாவது வந்துச்சு. “பள்ளிக்கூடம் தொறந்திருக்கா?” ஏழூருத் தட்டும் வந்த வழியே போச்சாம்.

கடைசியாப் பெரியவீட்டுக்காரரே வந்தாராம், தட்டு இல்லாம.

“ஏன்டா, ஆடு மேய்க்கிற பயலுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குடா?”

“நமக்கு எதுக்குங்கய்யா. ஒங்க கடலை மூணு வருசமா உள்ள இருக்கே, அது எத்தனாப்புப் படிக்குது?”

நின்னவுக சிரிச்சுட்டாக. அதுதான் அவருக்குப் பொறுக்கல.

“ஊரு உலகத்துல நீ ஒருத்தன்தான் கிடைக்காரனா?”

கெழக்க போயிச் சடையாண்டின்னு ஒரு கிடைக்காரரக் கூட்டியாந்தாராம். கூலி ரெட்டிப்பு. காசுக்கு எல்லாம் மடங்கும்னு நெனச்சவரு. கிடைக்காரக மொறை தெரியாம மாட்டிக்கிட்டாரு.

சடையாண்டி ஊரு எல்லையிலயே ஆட்ட நிப்பாட்டிட்டாராம்.

“இங்க வழக்கமாப் போடுறவரு வெத்தல எடுத்துட்டாரா?”

“எடுக்க மாட்டேங்கான்.”

“என்ன காரணம்?”

சொன்னாக.

“அவரு வேண்டாம்னு தள்ளுன வயல்ல என் ஆடு மூத்திரம் பேயாதுங்க” அப்டின்னுட்டு ஆட்டத் திருப்பிட்டாராம்.

வைகாசி போச்சு. ஆனி பொறந்துச்சு. மானத்துல கருக்கல் கூடுது, வயல்ல ஒரு புழுக்கை விழல. அப்பத்தான் சனத்துக்கு ரோசம் வந்துச்சு. மூணு வருசமா நியாயத்துக்கு வராத ரோசம், புழுக்கைக்கு வந்துச்சு. இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு எரியுது. ஏழூரு வண்டியும் பட்டப்பகல்ல வந்து, மூடைகளத் தூக்கிப் பெரியவீட்டு வாசல்ல எறக்குச்சாம். பாதி மூடை புழு.

அப்பறம் தட்ட நீட்டுனாக. கருத்தமலை அப்பவும் எடுக்கல.

“மொத நாளுக் கிடைக்கூலி நெல்லு எனக்கு வேண்டாம். வருசா வருசம் அதப் பள்ளிக்கூடத்துக்குப் போடுங்க. சர்க்காரு வாத்தியாரு போனாலும் நம்ம வாத்தியாரு இருக்கட்டும். இல்லாத வீட்டுப் புள்ளைக்குச் சிலேட்டு வரட்டும். இனிமே எவன் மூடையும் உள்ள போகப்படாது.”

“சரி.”

“ஏழூரும் சொல்லுங்க.”

ஏழூரும் சொல்லுச்சு. அப்பறந்தான் வெத்தலய எடுத்தாராம். குருவம்மா பதினோரு வயசுல, பொடிசுகளோட பொடிசா மூணாப்புல போயி உக்காந்துச்சாம்.

இப்ப கிடையும் இல்ல, புழுக்கையும் இல்ல. ஆனாலும் மொத அறுப்புல வீட்டுக்கு ஒரு மரக்கா நெல்லு போகுதுல்ல, ‘பள்ளி நாளு’ன்னு, அது இதுதான். ஏழூருப் புள்ளைக காலேசு வரைக்கும் அதுலதான் படிக்குது. ரேசன் மூடையக் கூட அந்தப் பள்ளிக்கூடத்துல எறக்க விட மாட்டாக.

அந்த நெல்ல வரவு வைக்கிற அறக்கட்டளை ஆபீசுல ஒரு பளிங்குக்கல்லு பதிச்சிருக்கான். மொதப் பேரு யாரு? பெரியவீட்டுக்காரரோட பேரன். மின்விசிறி வாங்கிக் குடுத்தாராம். கருத்தமலை பேரு கல்லுல எங்கயும் இல்ல. நான் போயிக் கேட்டேன். “எடம் பத்தலண்ணே”ன்னான்.

கல்லுல இல்லாட்டி போகட்டும். பதிவாபீசுல, பின்னாளுல அறக்கட்டளைக்கு எழுதுன மொதப் பத்திரம் இருக்கு, போயிப் பாருங்க. கீழ கருத்தமலைக் கோனாரு கைநாட்டு. ‘இன்னாரு கைநாட்டு’ன்னு பக்கத்துல எழுதிச் சாட்சி போட்டிருக்கிறது, க. குருவம்மா.