பச்சைத் தண்ணி

நோரீன்: குழாய மூடு! மூடுன்னு சொல்றேன்ல கெர்ரி, மொதல்ல அத மூடு!

கெர்ரி: மூடிட்டேன், மூடிட்டேன்... நீங்க வர்றதுக்குள்ள இந்த மீன் தொட்டியக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைக்கலாம்னு...

நோரீன்: குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு, மீனுக்கு ஆகாது. எவ்வளவு ஊத்தின?

கெர்ரி: அரை பக்கெட் இருக்கும். இல்ல... ஒரு பக்கெட். கடவுளே, கொன்னுட்டேனா?

நோரீன்: உயிரோட ஏதாவது இருந்தாத்தானே கொல்றதுக்கு. தள்ளு. ...ச்சே! என்ன நாத்தம் இது! சர்க்கரை ஆலைக் கழிவு கூட இதுக்குத் தேவல.

கெர்ரி: போன்லயே சொன்னேனே...

நோரீன்: தண்ணி கொஞ்சம் பச்சையா இருக்குன்னு சொன்ன. இதுக்குப் பேரு கொஞ்சமா? உள்ள முதலை படுத்திருந்தாக் கூடத் தெரியாது.

கெர்ரி: கிண்டல் பண்ணாதீங்க நோரீன். உங்களக் கூப்பிடவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

நோரீன்: எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? ட்ரெவரயும் இந்த வீட்டயும் விட்டுப் போனவ போனவதான்னு இருந்தேன். இன்னிக்கு அவனோட புதுப் பொண்டாட்டி கூப்பிட்டு வந்து நிக்கறேன்.

கெர்ரி: புதுப் பொண்டாட்டியா? கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு.

நோரீன்: எனக்கு நீ புதுசுதான். டார்ச் இருக்கா?

கெர்ரி: இந்தாங்க... பேட்டரி கொஞ்சம் வீக்.

நோரீன்: எல்லாமே வீக்தான் இந்த வீட்டுல. ஆமா, தண்ணிய சுத்தம் பண்ற அந்த ஃபில்டர் எவ்வளவு நாளா ஓடல?

கெர்ரி: இப்ப ஓடுது! நான் வந்ததும் போட்டேன். நடுவுல புயல்ல கரண்ட் போச்சாம்... எத்தன நாள்னு லெஸ்ஸுக்கே ஞாபகம் இல்ல.

நோரீன்: லெஸ்ஸா? பக்கத்து வீட்டு லெஸ்ஸா? அவன நம்பியா விட்டுட்டுப் போன?

கெர்ரி: வேற யாரு இருக்கா? ட்ரெவர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்த அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல கூட ஏறினவதான் நான். ஆபரேஷன், அப்புறம் காய்ச்சல், அப்புறம் இந்த மழை. ரோடு பூரா வெள்ளம், ஆஸ்பத்திரி இருக்கற டவுன்ஸ்வில்லருந்து இந்தப் பக்கம் ஒரு வண்டி வரல. சாவிய எங்க வச்சிருக்கேன்னு போன்ல சொல்லி, மீனுக்குத் தீனி போடுங்கன்னேன்.

நோரீன்: போட்டான்ல?

கெர்ரி: போட்டான்... டப்பாவோட. பாவம் பசியோட இருக்குமேன்னு மொத்தமாக் கவுத்துட்டான்.

நோரீன்: அடப் பாவி. அதான் அடியில சேறு மாதிரி... எல்லாம் அழுகிப் போயி விஷமா நிக்குது. பசியில கூட ஒரு மாசம் தாங்கியிருக்கும் கெர்ரி. வயிறு நிறையப் போட்டுத்தான் கொன்னிருக்கான்.

கெர்ரி: அப்ப... எல்லாமே போச்சா?

நோரீன்: இரு. டார்ச்ச ஆட்டாத. ...இதெல்லாம் ட்ரெவருக்குத் தெரியுமா?

கெர்ரி: ஆஸ்பத்திரிப் படுக்கையில கிடக்கறவர்கிட்ட இதப் போயா சொல்லுவாங்க?

நோரீன்: அதுவும் சரிதான். சொல்லித் தொலைக்காத. போட்ட தையல் பிஞ்சிடும் அவனுக்கு.

கெர்ரி: நான் ஒண்ணு கேக்கவா... கடையில இதே மாதிரி வானவில் மீன் இருக்கே, அதையே வாங்கி...

நோரீன்: இத்தன வருஷம் இந்தத் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்க. இது என்ன மீனுன்னு அவன் சொன்னதே இல்லையா?

கெர்ரி: ஓடை மீன்னு சொல்லுவாரு. அதுக்கு மேல நானும் கேக்கல. உங்க ரெண்டு பேரோட சமாசாரம்னு ஒரு நெனப்பு எனக்கு. தொட்டியத் தொடக் கூட மாட்டேன்.

நோரீன்: ...அது மலைக்கு அந்தப் பக்கத்து ஓடை. இடுப்பளவு தண்ணியில நின்னு, நான் வலை பிடிக்க அவன் விரட்டினான். அட்டை கடிச்சு ரெண்டு பேர் காலும் ரத்தம். அந்த ஓடையில எவனோ ஜிலேபி மீனக் கொண்டு போய் விட்டுட்டான். குஞ்சு, முட்டைன்னு எல்லாத்தையும் தின்னு தீத்துடுச்சு. இப்ப வலை போட்டா ஜிலேபிதான் வரும். இந்த நெறத்துல, இந்த வாலுல, மிச்சம் இருக்கறது இந்தக் கண்ணாடிக்குள்ள மட்டும்தான்.

கெர்ரி: மட்டும்தானா? வேற யார்கிட்டயும்...

நோரீன்: மட்டும்தான்னு சொன்னேன்ல.

கெர்ரி: சரி, சரி... ஏய், அதோ! அந்த மூலையில, மேல! அசையுது!

நோரீன்: எங்க... ஆமா. ஒண்ணு. தோ, குழாய்க்குப் பின்னாடி இன்னும் மூணு. வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. மூச்சு முட்டுது. ஓடு, அந்த ஏர் பம்ப்பப் போடு!

கெர்ரி: எது ஏர் பம்ப்?

நோரீன்: நீலக் கலர்ல இருக்கே... அது ஹீட்டர்! தொடாத அத! பக்கத்துல இருக்கறது... ஆங், அதான்.

கெர்ரி: போட்டுட்டேன். குமிழி வருது.

நோரீன்: வரட்டும். மழைத்தொட்டித் தண்ணி ஒரு பக்கெட் கொண்டா. ஒண்ணுதான்.

கெர்ரி: ஒண்ணு எப்படிப் பத்தும்? மொத்தமா மாத்திட்டா...

நோரீன்: மொத்தமா மாத்தினா மொத்தமாப் போயிடும். இந்த விஷத்துக்குப் பழகிக் கிடக்கு அதுங்க உடம்பு. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஆஸ்பத்திரியில ட்ரெவருக்கு எழுந்ததும் பிரியாணியா போட்டாங்க?

கெர்ரி: கஞ்சிதான்.

நோரீன்: அதேதான் இங்கயும்.

கெர்ரி: ஃபில்டருக்குள்ள இருக்கற ஸ்பாஞ்ச்சக் குழாயில அலசிட்டு வரவா? கறுப்பா இருக்கே...

நோரீன்: அதுல இருந்த நல்ல கிருமியெல்லாம் கரண்ட் போன அன்னிக்கே செத்திருக்கும். அது இருந்தாத்தான் தண்ணி விஷமாகாது. ஓடிக்கிட்டிருக்கற தொட்டியிலருந்து எடுத்த ஸ்பாஞ்ச் வேணும். என் வண்டியில ஒரு டப்பா இருக்கு பாரு, அத எடுத்துட்டு வா. வெயில் படாம.

கெர்ரி: ...இது ஈரமா இருக்கு.

நோரீன்: ஈரமாத்தான் இருக்கணும்.

கெர்ரி: நீங்க மீன் வளக்கறத விட்டுட்டீங்கன்னு ஊரே சொல்லுதே?

நோரீன்: தோட்டத்துல தண்ணி கட்டி வச்சிருக்கேன், கொசு வராம இருக்க ஏதோ ரெண்டு மீன். ஊருக்கு வேற வேலை இல்ல. கேள்வி கேக்காம அந்தத் தண்ணி மக்க எடு.

கெர்ரி: நோரீன்... நோரீன், அது சாயுது. அந்தப் பெருசு. பக்கவாட்டுல சாயுது பாருங்க!

நோரீன்: பாத்தேன். பக்கெட்ட நீட்டு. வலை வேணாம், கையாலயே... வா தங்கம், வா... வந்துட்ட. ஏர் குழாய இதுக்குள்ள விடு.

கெர்ரி: செவுள் ஆடுதா?

நோரீன்: ஆடுது.

கெர்ரி: இப்ப?

நோரீன்: ஏர் குழாய இன்னும் கிட்டத் தள்ளு.

கெர்ரி: இப்ப ஆடுதா நோரீன்?

நோரீன்: இல்ல. நின்னுடுச்சு.

கெர்ரி: என்னால... நான் அந்தக் குழாய்த் தண்ணிய ஊத்தினதாலதானே...

நோரீன்: அழுது நேரத்த வீணாக்காத. இன்னும் மூணு இருக்கு. அதுங்களப் பாரு.

*

கெர்ரி: தண்ணி சோதனைக் குப்பி என்ன காட்டுது, மஞ்சளா? பச்சை கலந்த மஞ்சளா?

நோரீன்: அட, குப்பிய என் மூக்குல இடிக்காத. வெளிச்சத்துல காட்டு. ...மஞ்சள். சுத்த மஞ்சள்.

கெர்ரி: அப்ப விஷம் இல்ல?

நோரீன்: இல்ல. தேறிடுச்சு தண்ணி.

கெர்ரி: நெஜமாவா! ரெண்டு வாரமாக் காலையில எழுந்ததும் பல்லு கூடத் தேய்க்காம இந்தக் குப்பியிலதான் முழிக்கறேன். உள்ள பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. மூணும் வந்து என் விரல் கிட்ட நிக்குது. நெறம் கூட வந்துடுச்சு, அந்த நீலம், வாலுல செவப்பு...

நோரீன்: வந்துடுச்சுதான்.

கெர்ரி: என்ன, சுரத்தே இல்லாம சொல்றீங்க?

நோரீன்: வெளுத்துப் போயி, துடுப்பெல்லாம் பிஞ்சு கிடந்தப்பத் தெரியல. இப்பத் தெரியுது. முதுகுத் துடுப்பு கூரா, நீளமா இருக்கா?

கெர்ரி: இருக்கு. அழகா இருக்கு.

நோரீன்: மூணுக்கும்?

கெர்ரி: மூணுக்கும்தான். ஏன்?

நோரீன்: மூணும் ஆம்பள.

கெர்ரி: ...அதனால என்ன?

நோரீன்: அதனால என்னவா? குஞ்சு எங்கிருந்து வரும், லெஸ் போடுவானா? இதுங்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் நீந்தும். அப்புறம் அவ்வளவுதான். அந்த ஓடை முடிஞ்சுது.

கெர்ரி: வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க அவர. வந்ததும் நாற்காலிய இழுத்து இது முன்னாடிதான் போடுவாரு. பாத்ததும் கண்டுபிடிச்சிடுவாரா?

நோரீன்: அவனா? கதவுக்கிட்ட வரும்போதே சொல்லிடுவான்.

கெர்ரி: சாப்பிடவே மாட்டேங்கறாரு நோரீன். ரெண்டு வாய் வாங்கிட்டு சுவத்தப் பாக்கறாரு. மருந்து சாப்பிடறதுக்கே கெஞ்ச வேண்டியிருக்கு. டாக்டர் சொல்றாரு, தையல் ஆறிடுச்சு, மனசுதான் எழுந்திரிக்கலன்னு. இதையும் பாத்தா... எனக்கு பயமா இருக்கு.

நோரீன்: என்னைய எதுக்கு அப்படிப் பாக்கற?

கெர்ரி: நான் பாக்கலயே.

நோரீன்: பாக்கற. வாயில ஏதோ வச்சுக்கிட்டு நிக்கற.

கெர்ரி: எதுவும் இல்ல. ஒரு பொட்ட மீனு, ஒண்ணே ஒண்ணு எங்கயாவது இருந்தா... தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது...

நோரீன்: என் வண்டிச் சாவி எங்க?

கெர்ரி: டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டு...

நோரீன்: வேணாம். எனக்கு வேலை இருக்கு.

கெர்ரி: கோவமா? நான் தப்பா ஏதாவது கேட்டுட்டேனா? நோரீன்... மழை கொட்டுது, கொஞ்சம் நின்னு போங்க... நோரீன்!

*

கெர்ரி: கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள வாங்க. தொப்பலா நனைஞ்சிருக்கீங்க! என்ன இது, ஐஸ் பெட்டியா? ஒரு பக்கம் குடுங்க...

நோரீன்: குலுக்காத! மெதுவா. கீழ வை. ...வழியில பாலத்து மேல தண்ணி ஏறிடுச்சு. பக்கத்து சீட்டுல வச்சு ஒரு கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டினேன்.

கெர்ரி: பாலத்துல தண்ணி இருந்தா திரும்பிப் போயிருக்கலாமே! அடிச்சுட்டுப் போயிருந்தா?

நோரீன்: திரும்பிப் போனா அப்புறம் வந்திருக்க மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். மூடியத் தொற.

கெர்ரி: அய்யோ, எவ்வளவு மீனு! அதே நீலம், வாலுல அதே செவப்பு!

நோரீன்: கைய உள்ள விடாத.

கெர்ரி: எல்லாம் பொட்டையா?

நோரீன்: பெரும்பாலும். ரெண்டு எளசு ஆம்பளையும் இருக்கு.

கெர்ரி: இது... எந்தக் கடையில...

நோரீன்: நடிக்காத. கடையில கிடைக்காதுன்னு நான்தான் உனக்குச் சொன்னேன். என் வீட்டுப் பின்னாடி, வாழைக்குக் கீழ ஒரு பழைய குளியல் தொட்டி கிடக்கு. இங்கருந்து கெளம்பினப்ப ஒரு பக்கெட்டுல கொஞ்சம் எடுத்துட்டுப் போனேன். அதுங்களோட வாரிசு.

கெர்ரி: அவரு ஒரு தடவ உங்ககிட்ட மீன் கேட்டாராமே...

நோரீன்: கேட்டான். ஓடையில எல்லாம் அழிஞ்சப்ப வந்து வாசல்ல நின்னு கேட்டான். செத்துப் போச்சுன்னுட்டேன். வீடு அவனுக்கு, படகு அவனுக்கு, கூடப் பழகினவங்க எல்லாம் அவன் பக்கம். அவன் கேட்டு நான் இல்லன்னு சொல்றதுக்கு எனக்கும் ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. போதுமா?

கெர்ரி: நான் ஒண்ணும் சொல்லலயே.

நோரீன்: மக்க எடு. தொட்டித் தண்ணிய ஒவ்வொரு மக்கா இந்தப் பெட்டிக்குள்ள ஊத்து. அவசரப்படாத. பழகட்டும்.

கெர்ரி: ஓரமா ஒதுங்கி ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. பயந்துடுச்சா?

நோரீன்: புது வீடு. பயம் இருக்காதா?

கெர்ரி: எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இங்க வந்தப்ப.

நோரீன்: ...ம். சரி, போதும். வலையக் குடு. ஒண்ணு... போ, போ. நீயும் போ.

கெர்ரி: அந்த மூணும் ஓடி வருது! அய்யோ, சண்டை போடுமா?

நோரீன்: சண்டை இல்ல, பைத்தியக்காரி. நெத்தியப் பாரு. நெத்தியில பளிச்சுனு ஒரு கோடு வருது பாரு!

கெர்ரி: ஆமா! மின்னல் மாதிரி... வந்து வந்து மறையுது!

நோரீன்: மாப்பிள்ளைக் கோலம். இனிமே பயம் இல்ல. அந்தப் பாசிக் கொத்துல நாளைக்கே முட்டை ஒட்டும்.

கெர்ரி: நோரீன்... உக்காருங்க. இந்தாங்க துண்டு, தலையத் துடைங்க.

நோரீன்: ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. வியாழக்கிழமை அவன் வந்து கேட்டா, இதெல்லாம் இங்கயே தப்பிச்சதுன்னு சொல்லு. நான் கொண்டு வந்தேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லாத. அவன் முகத்துல நான் எப்படி முழிக்கறது? சத்தியமா சொல்ல மாட்டல்ல?

கெர்ரி: சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல நோரீன், அவருக்கு எல்லாம் தெரியும். தொட்டி நாறிக் கிடக்குன்னு லெஸ் போன் பண்ண அன்னிக்கே அவர்கிட்ட அழுதுக்கிட்டே சொல்லிட்டேன். நோரீனக் கூப்பிடுன்னு சொன்னதே அவருதான். உங்க வேலி ஓரமாப் போறப்பல்லாம் வண்டிய மெதுவாக்கி அந்தக் குளியல் தொட்டியப் பாத்துட்டுத்தான் வருவாராம், இத்தன வருஷமா. "அவகிட்ட மீன் மட்டும் கேட்டுடாத, கேட்டா இல்லன்னுடுவா, கேக்காம இருந்தா அவளே கொண்டு வருவா"ன்னாரு... நீங்க சாவிய எடுத்துக்கிட்டுக் கெளம்பினதும், நான் கேக்கக் கூடாதத கேட்டுக் கெடுத்துட்டேனோன்னு, உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருந்தேன்.