ஆணி அடிக்காத குடில்

நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியின் பின்னங்கால் ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆணி அடித்த நாற்காலி அப்படித்தான். மழைக்காலத்தில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும், ஆணி மட்டும் அப்படியே இருக்கும். பிறகு ஆடாமல் என்ன செய்யும்? ஓர் உளி கொடுத்தால் பேசிக்கொண்டே சரிசெய்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள். அதுவும் நியாயம்தான்.

என் பெயர் செல்லக்கண்ணு. ஜெர்மன் யுத்தம் முடிந்த வருடம் ரங்கூனுக்குக் கப்பலேறி வந்தவன். எட்டு வருடமாக அலோன் துறையருகே மரக்கிடங்கில் தச்சு வேலை. ஜெபதாஸ் மேஸ்திரி இறந்த விஷயமாகச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். குளிரில் இறந்தான் என்று உங்கள் தாளில் எழுதி முடித்துவிட்டீர்கள். அது தப்பு. அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுத வேண்டும், அதுவும் நாளைக் காலைக்குள்.

மரக் கம்பெனி மெக்ரே துரை வேலையை முடித்துக்கொண்டு கனடாவுக்குத் திரும்புகிறார். அவர் ஊரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து, அதன்மேல் குதிரை வண்டியே ஓடுமாம். ஜனங்கள் அந்த ஐஸின் மேல் மரக்குடில் போட்டு, உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டு, ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விடுவார்களாம். கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. துரைக்கு அப்படியொரு குடில் தேக்கில் வேண்டும். எட்டுப் பேர் உட்காரும்படி பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றும்படியும் இருக்க வேண்டும். அங்கே போனதும் இரண்டு ஆள், கம்பளிக் கையுறை போட்ட கையோடு, ஒரு மணி நேரத்தில் பூட்டிவிட வேண்டும்.

கையுறை போட்ட கையால் ஆணியைப் பிடிக்க முடியுமா? இதற்கு ஜெபதாஸிடம் பதில் இல்லை, என்னிடம் இருந்தது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு முளை, முளைக்குப் பின்னால் ஓர் ஆப்பு. மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். மறுபக்கம் தட்டினால் கழன்றுவிடும். மொத்தம் நாற்பத்தெட்டு மூட்டு. எல்லாம் இந்தக் கை செய்தது.

ஜெபதாஸைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். மிஷன் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன். பர்மாக்காரர் கட்டும் லோன்ஜிக்கு மேல் கோட்டு, காதில் பென்சில். குடிலுக்குப் படம் வரைந்தது அவன். மேஸ்திரியாக இருந்தும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவான்.

ஒன்பது தடவை பூட்டினேன், ஒன்பது தடவை பிரித்தேன். கனம் அதிகம் என்றார் துரை. பலகையை இழைத்து மெலிதாக்கினேன். சறுக்கு வண்டியில் ஏறாது என்றார். சுவரை மூன்றாகப் பிரித்தேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் என்றார். வெளியிலிருந்து இறுக்க அதற்கும் ஓர் ஆப்பு வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஜெபதாஸ் என் மூட்டுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் ஏதேதோ சொல்வான், துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார். நான் நாலு முழம் தள்ளி வியர்த்து வடிய நின்றுகொண்டிருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது ஐயா, அதை மறைக்கவில்லை. ஒன்பதாம் தடவை கேட்டே விட்டேன்.

"தொரகிட்ட அப்படி என்னதான்டா சொல்ற?"

"எல்லாம் ஒங்க வேலயப் பத்தித்தாண்ணே" என்று சிரித்தான். யார் நம்புவார்கள்?

கடைசியில் துரைக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. குளிர் உள்ளே புகுமா, புகாதா? ரங்கூனில் அதை எங்கே போய்ப் பார்ப்பது? ஐஸ் பாக்டரியில் சொல்லி, பாளங்களை அடுக்கி வைக்கும் அறைக்குள் இடம் வாங்கினார். பத்தாவது தடவையாக அங்கே பூட்டினேன். சந்துகளையெல்லாம் குங்கிலியம் காய்ச்சி நானே அடைத்திருந்தேன். தூண்டில் விடும் துளைகளுக்கு இறுக்கமான மூடி போட்டிருந்தேன். துரையின் இரும்பு அடுப்பும் புகைக்குழாயும் அதற்குள் பெட்டியில் கட்டியாகிவிட்டன. அதனால் உள்ளே ஒரு கரி அடுப்பை வைத்தோம். கூரைக்குக் கீழே கை அகலத்தில் ஒரு காற்றுத் துவாரம் உண்டு. அதைத் திறந்து மூடும் பலகை வெளிப்பக்கம்.

"நானே உள்ள ஒக்காந்து பாத்துடுறேன்" என்று ஜெபதாஸ் போய் உட்கார்ந்தான். மூன்று மணிக்கு வருகிறேன் என்று துரை சாப்பிடப் போனார். ஐஸ் பாக்டரி காவல்காரர் ஜாபர் குளிர் பொறுக்காமல் வெளியே வெயிலுக்குப் போய்விட்டார்.

அடைத்த அறைக்குள் கரி எரிந்தால் என்ன ஆகும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. மூங்கில் தட்டி வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் வந்த கப்பலில், மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டிப் படுத்த இரண்டு கலாசிகளைக் காலையில் பிணமாகத் தூக்கினார்கள்.

துவாரத்தின் பலகையைத் தள்ளி மூடினேன். கதவின் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினேன். கோபத்தில் செய்யவில்லை. துரை கேட்டது குளிர் புகாத குடில். துவாரம் திறந்திருந்தால் அது என்ன சோதனை?

முக்கால் மணி கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, கதவத் தொறங்க. தல சுத்துது."

பிறகு கதவை இடித்தான். நல்ல பலசாலி. நான் ஒரு மூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பதினோரு இடி. மயிரிழைகூட நகரவில்லை. அப்போது எனக்கு இருந்த நிம்மதியைச் சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். மூன்று மணிக்குத் துரையின் வண்டிச் சத்தம் கேட்டதும் துவாரத்தைத் திறந்து, கதவின் ஆப்பையும் கழற்றிவிட்டேன்.

ஐஸ் அறையில் கிடந்த உடம்பு என்பதால் டாக்டர் குளிர் என்றார். ஜெபதாஸின் மனைவி மார்த்தா மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்தது நான். சவப்பெட்டி செய்ததும் நான்தான். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நேற்று துரை கிடங்குக்கு வந்தார். பேசிக் கொடுக்க ஜெபதாஸ் இல்லாததால், தமக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் என்னிடமே பேசினார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. குளிர் மூட்டுச் சந்து வழியாகப் புகுந்து ஆளைக் கொன்றுவிட்டதாம். இந்தக் குடிலை என் ஏரிக்குக் கொண்டுபோக மாட்டேன், நாளை மறுநாள் காலையில் கோடாலி போட்டு விறகாக்கிவிடு என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மூட்டெல்லாம் செல்லக்கண்ணு யோசித்துச் செய்தது, அவனைப் போல ஒரு தச்சன் பர்மாவிலேயே கிடையாது என்று ஜெபதாஸ் வந்த தடவையெல்லாம் சொன்னானாம். அதை நம்பித்தான் அவனை உள்ளே உட்கார விட்டேன் என்றார்.

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபதாஸ் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது, சரி, அது வேறு விஷயம். என் மூட்டில் சந்து இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடிலுக்குள் குளிர் புகவில்லை. காற்றே புகவில்லை. துவாரத்தை மூடியது நான், கதவை இறுக்கியது நான், ஜெபதாஸைக் கொன்றது நான். கை ரேகை எங்கே வைக்க வேண்டுமோ வைக்கிறேன், தூக்கில் போட்டாலும் சரி. விடிந்து கோடாலி விழுவதற்குள் துரையிடம் ஓர் ஆள் அனுப்பிவிடுங்கள். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். ஜெபதாஸ் இருந்திருந்தால் எனக்காக அவனே போய்ச் சொல்லியிருப்பான்.