சாமி படம் இல்லாத காலண்டர்

அவைத் தலைவர், அச்சகத்து நல்லுசாமி ஐயா அவர்களே! கம்ப்யூட்டர் கற்றுத்தந்த கஸ்பார் சார் அவர்களே! முன்வரிசையில் முந்தானையால் சிரிப்பை மூடும் தாய்மார்களே! பெரியவர்களே, பயிற்சித் தோழிகளே! மணிமேகலையின் பணிவான வணக்கம்.

எட்டாம் வகுப்போடு நின்று நூல்மில்லுக்குப் போனவள் நான். மில் இரைச்சலில் யாரும் பேச முடியாது. வாய் திறக்கக் கூசும் எனக்கு அது வசதியாக இருந்தது.

“சத்தமா பேசு தாயி!” என்கிறார் அங்கே ஒருவர். பேசுகிறேன் ஐயா, அதற்குத்தானே வந்தேன்!

மில்லை விட்டு இந்தப் பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் படிக்க வந்தேன். சென்ற ஆண்டு ஆயுதபூஜை. மறுவாரம் ஐயாவின் அச்சகத்தில் வேலைக்கு இங்கேயே தேர்வு. கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகைக்குக் கட்டம் கட்டிக் காட்ட வேண்டும். தோற்றால் மீண்டும் மில். அந்த நேரம் பார்த்து என் அம்மா மாயம்மாள் பூஜைக்கு வந்தார். “தொழில் சாமானுக்குப் பொட்டு வைக்காம விடலாமா?” என்று மவுஸுக்குச் சந்தனம், அது ஓடுவதற்கு அடியில் போட்டிருந்த மவுஸ்பேட் மெத்தைக்கும் குளிரக் குளிரச் சந்தனம்!

மவுஸின் வயிற்றில் உருளும் பந்தைக் கழுவினோம், பிழைத்தது. மெத்தையைத் துவைத்தோம், தோலுரிந்தது. “புதுசுக்குக் காசில்ல பாப்பா, உள்ளத வச்சுப் பாரு” என்றார் சார்.

பார்த்தோம். எவர்சில்வர் தட்டில் பந்து வழுக்கியது. திரையில் அம்பு நகரவில்லை. மேசைப் பலகையில் அம்பு வெட்டுக்கிளியாய்த் தாவியது. வழவழப்பும் வேண்டும், பிடிப்பும் வேண்டும். எங்கே இருக்கிறது அது? சுவரிலேயே தொங்கியது, காலண்டர் அட்டையாக! ஆனால் எங்கள் வீட்டு அட்டையில் பழனி முருகன். பின்பக்கமோ சொரசொரப்பு.

“சாமி மூஞ்சில எலிய ஓட்டுவியாடி?” என்றார் அம்மா. சார் வீட்டு அட்டையில் மாதா. “எங்க மாதா மேல மட்டும் ஓட்டலாமாக்கும்?” என்றார் சார்.

“அப்ப பிள்ளையார் படம்?” என்றாள் ஒரு தோழி.

“அவருதான்டி எலி மேல உக்காருவாரு. எலி அவரு மேல ஏறுமா?” என்றார் அம்மா.

சிரியுங்கள். அன்று நான் அழுதேன்.

பிறகு எதிர்ப்புறம் ஜெகபர் அலி பாய் பூட்டுக்கடை வாசலில் போய் நின்றேன். சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்தேன்.

“என்னம்மா, பூட்டா சாவியா?”

“காலண்டரு… சாமி இல்லாத காலண்டரு, பாய்.”

கடையே சிரித்தது. “அப்ப சரியான கடைக்குத்தான் வந்திருக்க!” என்றவர் சுவரிலிருந்து கழற்றினார். அட்டை நிறைய ரோஜாத் தோட்டம். தாள்கட்டைப் பிய்த்து வைத்துக்கொண்டு, “தேதி எனக்கு, தோட்டம் ஒனக்கு” என்றார்.

தேர்வன்று ஐயா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ரோஜாக்களின் மேல் மவுஸ் நடந்தது. கோடு நேராய் விழுந்தது. கட்டம் கட்டமாய் நின்றது!

தோழிகளே, எனக்குத் தேவைப்பட்டது பொன்னா? பொருளா? ஓர் அட்டை! அதைக் கேட்க ஒரு வாய்! அட்டை ஆண்டு முழுக்க எதிர்க்கடையில் தொங்கியது. வாய்தான் வரவில்லை. கேளுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், கேளுங்கள்!

இந்த ஆண்டு அச்சகக் காலண்டரை வடிவமைத்தவள் நான். “எந்தச் சாமி போடுவோம்மா?” என்றார் ஐயா. “சாமி வேணாங்கய்யா, தென்னந்தோப்பு போடுவோம்” என்றேன். ரோஜா அட்டையைப் பார்த்தவராயிற்றே, ஏன் என்று ஐயா கேட்கவே இல்லை.

போகும்போது வாசலில் ஆளுக்கொன்று வாங்கிச் செல்லுங்கள். தேதியெல்லாம் கிழிந்தபின் அட்டையை எறியாதீர்கள். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். அம்மா, அதிலே மட்டும் சந்தனம் வைத்துவிடாதே!

செவி தந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.