படையலுக்கு ஒரு நத்தார் இசைத்தட்டு

அச்சுவேலிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவர்களுடைய தாய்க்கு அவர்களுக்கு நேர் முன்னால், முதல் வரிசையில் இடம் கிடைத்திருந்தது. தங்கையின் மடியில் ஒரு பழைய இசைத்தட்டு. அதன் அட்டையில் கிறிஸ்மஸ் தாத்தாவின் சிவப்புத் தொப்பியும் கிற்றாருமாக அந்தக் காலத்து றொக் அண்ட் றோல் பாடகன் ஒருவன் சிரித்தான்.

“நாளைக்கு அப்பான்ரை முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு, சுருட்டோடை இந்த நத்தார் றெக்கோட்டையும் படைப்பம் அண்ணை.”

“விசரே உனக்கு? ஐயர் எழும்பிப் போவார். நாங்கள் வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போறம் எண்டு சனம் கதைக்கும்.”

“இடம்பெயரேக்கை றெக்கோட் போடுற பாட்டுப்பெட்டியை விட்டிட்டு இதைத்தானே அப்பா தூக்கிக்கொண்டு வந்தவர். பிறகு துடைச்சுத் துடைச்சு வைச்சதுதான். என்ன பாட்டெண்டே எனக்குத் தெரியாது.”

“நான் சின்னனிலை கேட்டனான்.” அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “ஆடுற பாட்டு. அப்பா கதவைப் பூட்டிப்போட்டு அம்மாவையும் இழுத்து ஆடுவார். ஐயரை விடு, நாளைக்கு அம்மா உந்த றெக்கோட்டைக் கண்டால் உடைஞ்சுபோவா. அதுதான் எனக்குப் பயம்.”

“முதலே சொல்லியிருக்கலாமே!” அவள் அவசரமாக இசைத்தட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். பாதிதான் போனது.

கோப்பாய் தாண்டிப் பேருந்து திரும்பியபோது வெயில் அவள் மடியில் விழுந்தது. தாய் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை, றெக்கோட்டிலை வெயில் படுது, வளைஞ்சுபோகும். இஞ்சை தா.” வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “நாளைக்கு இதைப் போட, பாட்டுப்பெட்டிக்கு ஆரிட்டைப் போறது?”