பனிப் புனிதர்கள் போகும்வரை

— எல்லாத்தையும் வெளிய வெச்சுட்டீங்களா? அம்பத்தாறு நாத்துப் பெட்டியையுமா?

— அம்பத்தெட்டு. பாகல் ரெண்டு பெட்டி கூடுதலா முளைச்சிருக்கு. பாரேன் தாவ், எப்படி நிக்குதுங்கன்னு! செருப்பைக் கழட்டிட்டு வா, மாடித்தரை வெதுவெதுன்னு இருக்கு.

— எனக்கு நிக்கவே தெம்பில்ல. ராத்திரி பூரா பேக்கரியில ஈஸ்டர் ரொட்டி. முடிஞ்சு கிளம்புறப்போ இன்னும் நாலு மணி நேரம் இருன்னுட்டான் முதலாளி. தலையெல்லாம் மாவு.

— நரைச்ச மாதிரி இருக்கு.

— நரைச்சதுதான். மாவு அதுக்கு மேல.

— கோவிச்சுக்காதே. கீழ பார்க்கைப் பாரேன், ஜெர்மன்காரன் அத்தனை பேரும் சட்டையைக் கழட்டிட்டுப் புல்லுல கிடக்கான். லைப்சிக்குக்கு வசந்தம் வந்தாச்சு, அவ்வளவுதான்.

— ட்ராங் அப்பா, இன்னிக்குத் தேதி என்ன?

— ஏப்ரல் பதினெட்டு.

— பனிப் புனிதர்கள் எப்போ போறாங்க?

— ஆரம்பிச்சுட்டியா.

— மே பதினஞ்சு. அந்தப் புனிதர்களோட திருநாளெல்லாம் முடியற வரைக்கும் உறைபனி விழும், ஒரு செடியைக்கூட வெளிய வைக்காதீங்கன்னு கீழ்வீட்டு ஹெல்கா முப்பது வருஷமா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறா. கேக்காம ரெண்டு தடவை மொத்தத்தையும் கருக விட்டீங்க. குப்பைக்குச் சுமந்தது யாரு? இன்னிக்கு ராத்திரி மைனஸ் ரெண்டாம். டிராம்ல போட்டிருந்தான்.

— இந்த லாமுக்குத் தெரியாததா டிராம்காரனுக்குத் தெரியும்? நம்ம ஊரு ஹைபோங்ல புத்தாண்டு முடிஞ்ச கையோட விதை போடுவோம். எந்தப் புனிதனைக் கேட்டோம்?

— ஹைபோங்ல பக்கெட்டுத் தண்ணி கல்லாப் போகாது.

— சரி, ஒத்துக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு வேற வழி இருக்கா? நம்ம பொண்ணு ட்ராங் கட்டிக்கப் போற யோனாஸோட அப்பா அம்மா முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அவங்க எல்லாம் வெயிலைக் கண்டா வெளியதான் உக்காந்து சாப்பிடுவாங்க. இங்க மேசை, சுத்திலும் வள்ளைக்கீரை, எலுமிச்சம்புல், மிளகாய். பச்சைப் பசேல்னு. இல்ல, வாங்க சம்பந்தி, எங்க தோட்டம் குளியல் தொட்டியில இருக்கு, வந்து பாருங்கன்னு கூப்பிடச் சொல்றியா?

— அவங்க எதைப் பாத்தா என்ன. அரிசித்தாள்ல கறியை வெச்சு நூறு நெம் யாரு சுத்துறது?

— நான் சுத்துறேன்.

— புத்தாண்டுக்கு நீங்க சுத்துனது எண்ணெயில விழுந்ததும் வாயைப் பொளந்துச்சு.

— அப்போ நீ சுத்து, நான் பொரிக்கறேன்.

— அதானே.

— ஒரு நாள் கூத்து தாவ். பொண்ணுக்காகத்தானே. அந்த மகாராணி மூணு நாளா போனையே எடுக்க மாட்டேங்கறா, அது வேற.

— வேலையா இருப்பா.

— வேலையாவது! வெக்கம். அந்தப் பையனோட அப்பன் வக்கீல். நம்ம வீட்டுல என்ன இருக்கு? அஞ்சாவது மாடி, மீன் வந்த தெர்மோகோல் பெட்டியில கீரை, ரொட்டி சுடுற அம்மா, முட்டி போன அப்பன். எப்படித் தட்டிக் கழிக்கலாம்னு பாக்கறா.

— அவளை ஏன் இழுக்கறீங்க? பெட்டியை உள்ள எடுங்க. நானும் ஒரு கை பிடிக்கறேன். அப்புறம் போய்ப் படுக்கறேன்.

— நீ தொடாதே. உள்ள எடுத்தா தொட்டி போக மிச்சமெல்லாம் உன் ரூம்லதான் வைக்கணும். மறுபடி செடி வளர்க்கற விளக்கைப் போடணும். நாலு மாசமா அந்த ஊதா வெளிச்சத்துல கண்ணுல துண்டைக் கட்டிக்கிட்டுப் பகல்ல படுத்துக் கிடக்கறே. பாக்காத மாதிரி இருந்தேன், பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். காலையில ஆறு மணியிலேருந்து இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாத் தூக்கினேன். உன் ரூம் காலி. திரை போட்டிருக்கேன். போ, இருட்டுல தூங்கு.

— பனி விழுந்தா ஒண்ணு தேறாது. அம்பத்தெட்டும் போயிடும்.

— போகட்டும். ஞாயிறு வரைக்கும் பழைய போர்வையைப் போத்தி வெச்சுப் பாக்கறேன். வந்தவங்க பாத்துட்டா போதும். அதுக்கப்புறம் எப்படியோ போகட்டும்.

— ரெண்டு நாள் காட்சிக்கு நாலு மாச உழைப்பா?

— ஆமா. உன் போனைக் குடு.

— எதுக்கு?

— என் நம்பரைப் பாத்தாத்தானே எடுக்க மாட்டா, உன் நம்பர்ல கூப்பிடறேன். இன்னிக்குக் கேட்டுடறேன். பெத்தவ முப்பது வருஷம் ராத்திரி முழிச்சுத்தான் உன்னைப் படிக்க வெச்சா, அவ வீட்டுக்கு வர்றதுக்கு உனக்கு மூஞ்சி சுளிக்குதான்னு.

— வேண்டாம்.

— குடு தாவ்.

— வேண்டாங்க. அவளைத் திட்டாதீங்க.

— திட்டாம? கொஞ்சணுமா?

— அவ ஆசையாத்தான் இருந்தா. கேக் நான் கொண்டாரேன்மா, தோட்டத்தைக் காட்டறேன்னு யோனாஸ் வீட்டுல சொல்லியிருக்கேன்மான்னா. செவ்வாய்க்கிழமை நான்தான் கூப்பிட்டு யாரும் வர வேண்டாம்னு சொன்னேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன், அது வரைக்கும் போனை எடுக்காதேன்னதும் நான்தான். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, லாம், யாருக்கும் சிரிச்சுக் காட்டாம நான் தூங்கணும்.