நடு அடுக்கிலிருந்து உருவிய பலகை

சீவுளி மாமா, நீ சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.

ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தச்சு வேலை பார்த்து இறந்துபோன என் வீட்டுக்காரர் கையில் எப்போதும் மரம் இழைக்கிற சீவுளி இருக்கும், அதனால் அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. மரப்பட்டறைக்குப் பின்னால் உள்ள வீட்டில் குடியிருக்கிறேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். என் கொழுந்தனாரை நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருப்பது சம்பந்தமாக இதைச் சொல்கிறேன்.

எங்கள் உள் அறைக்கு அலமாரி செய்வதற்காக என் வீட்டுக்காரர் தேவதாருப் பலகைகளை ஏழு மாதம் கொட்டகையிலும், அதன் பிறகு மூன்று மாதம் பட்டறைக்குள்ளும் காயவைத்தார். செங்கல் மேல் அடுக்கி, பலகைக்குப் பலகை குச்சி வைத்து, முறுக்கிக்கொள்ளாமலிருக்க மேலே கல் ஏற்றியிருந்தார். நடு அடுக்கில் ஒரு சின்னப் பலகையை மட்டும் உருவி எடுக்க வசதியாகக் குச்சிகளைச் செதுக்கிவிட்டிருந்தார். வாராவாரம் அதை எடுத்துத் தராசில் வைத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுவார். இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கணக்கு. கொழுந்தனார் இரண்டு கையாலும் அடுக்கைத் தாங்கிக்கொள்வார், இவர் உருவுவார்.

சம்பவத்தன்று காலையில் இருவருக்கும் வாய்ச்சண்டை வந்தது உண்மை. “பலகை காயுதா, நாம காயறோமா அண்ணே?” என்று கொழுந்தனார் கேட்டார். “ஈரத்தோட அறுத்தா வீட்டுக்குள்ள போய்க் கதவு முறுக்கிக்கும்டா. அப்புறம் உங்க அண்ணிகிட்ட யார் பேச்சு வாங்கறது?” என்று இவர் சொன்னார். அதன் பிறகு கொழுந்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரம்பம் தீட்டக் கொடுக்கப் போய்விட்டார். முந்தின நாள் நானும், “அலமாரி வர்றதுக்குள்ள துணியெல்லாம் கந்தலாயிடும்” என்று கேலி செய்திருந்தேன்.

அதன் பிறகு நான் துவைத்த துணியோடு பட்டறை வாசலுக்கு வந்தபோது, இவர் தனியாக அந்தப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். அது சிக்கியிருந்தது. “தம்பி வரட்டும் மாமா” என்றேன். “உன் அலமாரிக்குத்தான்டி, ஒரு நிமிஷம்” என்று சொல்லி, அடிச்செங்கலில் காலை ஊன்றி இழுத்தார். பலகை வந்துவிட்டது. குச்சிகள் உருண்டு, அடுக்கு மொத்தமும் கல்லோடு அவர் நெஞ்சின் மேல் சாய்ந்தது. அப்போது பட்டறையில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகுதான் கொழுந்தனார் வந்தார். நகம் பெயரப் பெயரப் பலகைகளைத் தூக்கிப் போட்டார். “நான்தான் அண்ணனைக் கொன்னுட்டேன்” என்று அவர் கத்தியதைத் தெருவே கேட்டது, நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அடுக்கைத் தாங்கிப் பிடிக்கத் தான் பக்கத்தில் இல்லாமல் போனோமே என்று சொன்னது அது. அப்படிப் பார்த்தால் என்னையும்தான் பிடித்து வைக்க வேண்டும். அவரை விட்டுவிடுங்கள்.

நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினார்கள். கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று. அந்தப் பலகை அவர் கையிலேயே இருந்தது, உடையவில்லை. இன்று இங்கே வருமுன் நானே அதைத் தராசில் வைத்தேன். மூன்று கிலோ இருநூறு. போன வாரம் நீ எழுதி வைத்ததும் அதுதான். காய்ந்துவிட்டதா மாமா, தம்பியை அறுக்கச் சொல்லட்டுமா?