'காட்டேன்' என்று கேட்ட எங்கள் பெட்டியக்காவுக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகளாக இந்தப் பள்ளியின் கதவை எங்களுக்கு முன்னால் வந்து திறந்து, எங்களுக்குப் பின்னால் நின்று பூட்டியவரே! மணியடித்தும் மணி தவறாமலும் எங்களை நடத்தியவரே! பிள்ளைகளுக்குப் பெட்டியக்கா, ஆசிரியர்களுக்கு அக்கா, சம்பளப் பட்டியலில் மட்டும் அலுவலக உதவியாளர் என்று, எந்தப் பெயரில் அழைத்தாலும் முகம் சுளிக்காமல் வந்து நின்றவரே! இன்று பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் எழுந்து நின்று சொல்லும் வணக்கம்.

கூட்டலும் பெருக்கலும் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். அந்த வகுப்பறைகளைக் கூட்டிப் பெருக்கியவர் நீங்கள். நகலெடுக்கும் இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றால் அதன் விலாவில் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று உங்களுக்கு மட்டுமே தெரியும். வினாத்தாள் அறையின் சாவி, முதலுதவிப் பெட்டியின் சாவி, யாருக்கும் நினைவில்லாத மாடிக் கதவின் சாவி என்று இடுப்பில் கனத்த கொத்து உங்கள் வருகையை முன்கூட்டியே சொல்லும். அந்த ஓசை கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும் என்பதால், எங்களில் சிலர் அதைக் குரலுக்குப் பதிலாகவே பயன்படுத்திக்கொண்டோம். மன்னிக்க வேண்டும்.

இம்மடலை எழுதும் பொறுப்பு கணினி ஆசிரியரான என்னிடம் வந்தது. வாசிக்கும் பொறுப்பைத் தமிழாசிரியை வாங்கிக்கொண்டார்; நான் வாசித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். உங்கள் சேவைகளை ஆண்டுவாரியாக அடுக்கித் தரும்படிதான் கேட்டார்கள். அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் அந்தப் போன் பெட்டியிலேயே வந்து முடிந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகள் காலையில் போனை ஒப்படைத்து மாலையில் வாங்கிச் செல்ல வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். அதற்காக வந்த இருநூற்று நாற்பது அறைகள் கொண்ட மரப்பெட்டிக்கு உங்களைக் காவலாக உட்கார வைத்தோம். பட்டன் போன் ஒன்றைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத உங்களுக்கு இது தண்டனை என்று நாங்கள் நினைத்தோம். நீங்களோ முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாங்கும் ஒவ்வொரு போனையும் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதனதன் அறையில் வைத்தீர்கள்.

மூன்றே முக்கால் மணிக்குத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் உங்கள் வேலை உண்மையில் தொடங்கியது. எந்தப் பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது, எந்தப் பிள்ளை வாங்கத் தயங்குகிறது, எந்தப் பிள்ளை திரையைப் பார்த்ததும் முகம் வெளிறுகிறது என்று பார்ப்பீர்கள். முகம் வெளிறிய பிள்ளையிடம், "காட்டேன் கண்ணு, என்ன வந்திருக்குன்னு" என்பீர்கள். நாங்கள் பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் சொன்னது "குடு". நீங்கள் கேட்டது "காட்டு". உங்களுக்கு உண்மையாகவே எதுவும் தெரியாது என்பதால் அவர்களும் உங்களை ஏய்க்கவில்லை, பொறுமையாக விளக்கினார்கள்.

"குரூப்புன்னா என்ன? நம்ம ஸ்டாஃப் ரூம் மாதிரியா?"

"ஆமா பெட்டியக்கா, அதே மாதிரிதான்."

"அப்ப அங்கயும் ஆளு இல்லாத நேரத்துலதான் அந்த ஆளப் பத்திப் பேசுவீங்களா?"

இதைக் கேட்டு ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் அசடும் இருந்தது. ஆனால் வகுப்புக் குழுவில் தன் பல்லை வைத்துக் கேலிப்படம் செய்து பரப்புகிறார்கள் என்று ஓர் ஏழாம் வகுப்புப் பிள்ளை உங்களிடம்தான் வாய் திறந்தாள். தன்னிடமிருந்து போனைப் பறித்துவிடுவோம் என்று பயந்து அதுவரை அவள் எங்களிடம் சொல்லவில்லை. அடிபட்டவளிடமிருந்தே பறிப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதை அவள் சொல்லித்தான் நாங்கள் உணர்ந்தோம். பெயர்களைக் கேட்டு வாங்கி, படம் செய்தவர்களின் வீட்டுக்கு வகுப்பாசிரியரை அனுப்பிவைத்தவர் நீங்கள்.

ஆண்டு விழாவில் பிள்ளைகள் உங்களையும் தலைமையாசிரியரையும் படமெடுத்து இணையத்தில் போட்டபோது, "எனக்கு நாப்பத்தஞ்சு லைக்கு. ஹெச்சம்முக்கு ஒம்போதுதான்" என்று தாழ்வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனீர்கள். தலைமையாசிரியர் அவர்களே, அந்த ஒன்பதில் ஒன்று உங்களுடையதுதான் என்பதையும் அக்கா விடாமல் சொன்னார்.

அக்கா, இனி எழுதுவதை எல்லோர் முன்னும் வாசிக்கலாமா என்று உங்களிடம் கேட்டேன். "பாப்பாகிட்ட கேளுங்க, என்கிட்ட எதுக்கு?" என்றீர்கள். என் மகளிடம் கேட்டேன். அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவி நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்து, திரும்பி வராமலே போய்விட்டாள். மகள் அப்போது இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. மனைவியின் போன் அவள் கைக்குப் போயிற்று. அதன் பிறகு அவள் கையை விட்டு அது இறங்கவில்லை. சாப்பிடும்போது ஒரு காதில் ஒயர். துணி மடிக்கும்போது ஒயர். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவிலும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போன் பழக்கத்தைப் பற்றி வகுப்பெடுப்பவன் வீட்டில் இப்படியா என்று எனக்கு அவமானமாக இருந்தது. துக்கத்தைவிட அவமானத்துக்கு உடனே ஏதாவது செய்துவிட முடிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தபோது அதை எடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தால் மனம் இளகிவிடும் என்றுதான் பார்க்கவில்லை. முழுவதையும் அழித்து, கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்கி மேசைமேல் வைத்தேன். ஈரத் தலையோடு வந்தவளிடம், "இந்தா, புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாரு" என்றேன். எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். தலை துவட்டப் போய்விட்டாள். அடங்கிவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் போனைப் பெட்டியில் கொடுத்தவள் மாலையில் வாங்கவில்லை. அடுத்த நாளும் வாங்கவில்லை. ஐந்தாம் நாள் நீங்கள் கணினி அறைக்கு வந்தீர்கள்.

"சார், பாப்பா இன்னும் போன வாங்கிக்கல."

"நல்லதுதானேக்கா. பழக்கம் விட்டுப் போச்சு."

"எட்டு வருஷம் ஆச்சு நான் இங்க உக்காந்து. ஒரு பிள்ள போன வாங்காமப் போனதில்ல சார்" என்றீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி, பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவர ஒரு நாள் போதும் என்றும், என் வீட்டிலேயே செய்து காட்டிவிட்டேன் என்றும் பேசினேன். கைதட்டினார்கள். தண்ணீர்க் கூஜாவோடு வாசலில் நின்ற நீங்கள் தட்டவில்லை.

திங்கட்கிழமை மாலை நான் வேலை முடிக்கும்வரை காத்திருந்த மகளிடம், அந்த அறையைத் திறந்து போனை எடுத்து நீட்டி, "காட்டேன்" என்றிருக்கிறீர்கள். "காட்ட ஒண்ணுமில்ல பெட்டியக்கா" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பிறகுதான் அழுதிருக்கிறாள்.

என் மனைவி மருத்துவமனைக் கட்டிலிலிருந்து மகளுக்காக அந்தப் போனிலேயே பேசிப் பதிவு செய்து வைத்திருந்தவை நாற்பத்தொன்று. வேறெங்கும் நகல் இல்லை. மகள் கேட்டுக்கொண்டிருந்தது அவற்றைத்தான். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் கேட்டிருந்தீர்கள். பல மாலைகளில் அந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒயரின் ஒரு முனையை உங்கள் காதில் வைத்து அவள் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

நீங்கள் வந்து சொன்னபோது, "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்றேன்.

"தெரியாமப் பண்ணியிருந்தா பரவாயில்ல சார். தெரிஞ்சுக்காமப் பண்ணிட்டீங்க. அதத்தான் பாப்பா தாங்கல."

இந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் நீங்கள் யாரிடமும் கடிந்து பேசியதாக எங்களுக்கு நினைவில்லை. அன்று பேசியதும் கடிந்து அல்ல. அதனால்தான் இன்றும் வலிக்கிறது.

எனக்குத் தெரிந்த கணினி வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். பழுது பார்ப்பவர் மூவரிடம் கொண்டுபோனேன். மூன்றாமவர், "நீங்களே கணினி வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டுப் போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

அப்போது நீங்கள் ஒரு வேலை செய்தீர்கள். மாலை நாலு மணிக்கு என்னை அந்தப் பெட்டியின் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னீர்கள். "நீங்க வாயே தொறக்கக் கூடாது சார். கையில சாக்பீஸ் இருக்கிற மாதிரியேதான் உங்களுக்குப் பேச வரும்" என்றீர்கள். பிறகு என் மகளிடம் திரும்பி, என்னை மறந்துவிட்டதுபோல் ஆரம்பித்தீர்கள்.

"அம்மா அந்த கேஸ் அடுப்பப் பத்தி ஒண்ணு சொன்னாங்கல்ல? மூடிட்டியான்னு கேட்டு... சரி சரி விடுன்னாங்களே?"

"அப்படிச் சொல்லல" என்றாள் மகள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. "மூடிட்டியா? மறுபடி போய்ப் பாரு. பாத்துட்டேன்னு சொல்லாத, எந்திரிச்சுப் போய்ப் பாரு. அப்படி."

'பாரு' என்பதன் கடைசியில் என் மனைவி இழுக்கும் இழுப்பு அப்படியே இருந்தது.

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னீர்கள், அக்கா. அவள் திருத்தத் திருத்த, அழிந்தவை ஒவ்வொன்றாக அவள் வாயில் வந்தன. 'இன்னைக்கு நர்ஸம்மா தலை வாரிவிட்டாங்க. உன்ன மாதிரி முடியப் புடுங்கல.' 'சாக்ஸ ஜோடியா மடிச்சு வைடீ, ஒத்தையாத் திரியுது பாவம்.' இரண்டு வாரத்தில் இருபத்தேழு வந்தன. மீதிப் பதினான்கு வரவே இல்லை. இருபத்தேழாவதை, கடைசி நாள் நீங்கள் எதுவும் கேட்காமலே அவள் சொன்னாள். அதை உங்களிடம்கூடச் சொன்னதில்லையாம்.

'அப்பாவுக்கு எது புரியலையோ அத மொதல்ல பூட்டி வெப்பாரு. பயந்த மனுஷன். நீ கோச்சுக்காத. கையப் புடிச்சுப் பக்கத்துல உக்கார வை.'

நீங்கள் சொன்னபடி அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முன்பு நான் சொன்னது தவறு என்று நடந்ததைச் சொன்னேன். ஒரு தாய் எழுந்து, "அப்ப போன வாங்கி வைக்கவே கூடாதா சார்?" என்று கேட்டார். வாசலிலிருந்து உங்கள் குரல் வந்தது: "வாங்கி வைக்கலாம்மா, தப்பில்ல. நான் தெனமும் இருநூறு வாங்கி வெக்கிறேன். ஆனா வாங்குறதுக்கு முன்னால ஒரு தடவ, பக்கத்துல உக்காந்து பாருங்க. நமக்குப் புரியலன்னா கேளுங்க. புள்ளைங்களுக்கு நமக்குச் சொல்லிக்குடுக்கறதுன்னா அவ்ளோ பெருமை." அன்றிலிருந்து எங்கள் பெற்றோர் கையேட்டின் முதல் பக்கம் மாறிவிட்டது. அதில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. சொற்கள் உங்களுடையவை.

அடுத்த மாதம் முதல், விரல் வைத்தால் தானே திறக்கும் அலமாரி வருகிறது. யாருடைய போனையும் மாற்றிக் கொடுக்காது. யாருடைய முகத்தையும் பார்க்காது. அதனால் மாலை மூன்றே முக்காலுக்கு எங்களில் ஒருவர் முறை வைத்து அதன் பக்கத்தில் உட்காருவது என்று முடிவு செய்திருக்கிறோம். உங்களைப்போல் எங்களுக்கு வராது. உட்கார்ந்தாவது பார்க்கிறோம்.

இம்மடலை முடித்ததும் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். என்னைவிட நன்றாகப் பிழை திருத்துவாள். இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தினாள். பிறகு ஒரே ஒரு வரியை, அளவுகோல் வைத்து, நேராக அடித்தாள். என் மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அங்கே எழுதியிருந்தேன்.

தாளைத் திருப்பித் தந்துவிட்டு அவள் எழுந்து போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வரியை நீக்கி வேறு தாளில் அழகாக எழுதித் தரலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் தாளில் அடித்த கோடும் அப்படியே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். காலை ஆறு மணிக்கு எந்தக் கதவையும் திறக்க வேண்டாத தூக்கம் உங்களுக்கு வாய்க்கட்டும். நீங்கள் நெடுங்காலம் நலமாக இருந்து, எப்போதாவது ஒரு மாலையில் இந்தப் பக்கம் வந்துபோக வேண்டும் என்று வேண்டி விடைதருகிறோம்.

என்றும் உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட
தலைமையாசிரியர், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்